போர்க்காலத்து வாக்கு: 1862ஆம் ஆண்டு அமெரிக்கா கண்ட தேர்தல்

(வாசிகசாலை மண்டபமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நாடு போரிலே மூழ்கியிருக்கும் வேளையில் மக்களிடம் சென்று வாக்குக் கேட்பது எந்த அரசாங்கத்துக்கும் உவப்பான காரியமன்று. இரண்டாவது உலக மகாயுத்தம் மூண்டபோது பிரித்தானியா 1935இல் தெரிவு செய்யப்பட்ட பாராளுமன்றத்தையே 1945 வரை நீட்டிக்கொண்டது. இலங்கையிலும் 1936இல் தெரிவான அரசாங்க சபை 1947 வரை கலையாதிருந்தது. ஐக்கிய அமெரிக்கா அவ்வழியிற் செல்லவில்லை. உடன்பிறந்தார் ஒருவரையொருவர் கொன்று வீழ்த்திய உள்நாட்டுப் போரின் நடுவே, 1862ஆம் ஆண்டிலே, அந்நாடு தன் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்தல் நடத்தியது. அந்தத் தேர்தலைப் பற்றியே இன்று உங்கள் முன் பேச விரும்புகின்றேன்.

தேர்தலின் முடிவை முதலிற் கூறிவிடுகின்றேன். ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் குடியரசுக் கட்சி பலத்த அடி வாங்கியது. ஜனநாயகக் கட்சியின் ஆசனங்கள் ஏறக்குறைய 45இலிருந்து 70க்கு மேல் உயர்ந்தன. ஒஹையோ மாநிலத்தின் 19 ஆசனங்களில் 14, இல்லினோய்ஸ் மாநிலத்தின் 14 ஆசனங்களில் 9, இந்தியானா மாநிலத்தின் 11 ஆசனங்களில் 7, நியூயோர்க் மாநிலத்தின் 31 ஆசனங்களில் 17 எதிர்க்கட்சியின் கைக்குப் போயின. லிங்கன் வாழ்ந்த ஸ்பிறிங்ஃபீல்ட் நகர் அடங்கிய தொகுதியிலே, அவருடைய நெருங்கிய நண்பர் லெனார்ட் ஸ்வெற் தோற்றார். வென்றவர் ஜோன் ரொட் ஸ்ருவாட். லிங்கன் சட்டத்தரணியாகத் தொழில் தொடங்கியபோது அவரைக் கூட்டாளியாக ஏற்றுக்கொண்ட முதல் மனிதர் அவரே!

இத்தோல்விக்குக் காரணம் என்ன? பலர் இதனை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவர். “செப்டெம்பர் 22ஆந் திகதி லிங்கன் அடிமை விடுதலைப் பூர்வாங்கப் பிரகடனத்தை வெளியிட்டார், வெள்ளையர் வெகுண்டனர், கட்சி தோற்றது” என்பர். அந்த விடை பொய்யன்று. ஆயினும் அது போதாது. மழை நாடெங்கும் பெய்தாலும் நீர் எந்த வயலில் நிற்கும் என்பதை வரம்புதானே தீர்மானிக்கின்றது? நாட்டு மக்களின் மனநிலை மழையைப் போன்றது. அது ஆசனமாக மாறும் இடத்தில் ஊருக்கு ஊர் வேறுபட்ட வரம்புகள் குறுக்கே நிற்கின்றன. அவற்றை ஆராயாமல் “மக்கள் இன்னது சொன்னார்கள்” என்று தீர்ப்புக் கூறுவோர், தமக்கு வேண்டியதை மக்களின் வாயில் வைத்துப் பேசுகின்றவரே ஆவர்.

மனச்சோர்வின் ஆண்டு

நாட்டின் பொது மனநிலை எப்படி இருந்தது என்பதைச் சற்றுப் பார்ப்போம். 1861 ஏப்ரலில் சம்ரர் கோட்டையில் முதற் குண்டு வெடித்தபோது, சில மாதங்களில் எல்லாம் முடிந்துவிடும் என்றே வடக்கத்தியர் எண்ணினர். 1862 கோடையில், தென்னவரின் தலைநகராகிய றிச்மண்டின் வாயில் வரை சென்ற பெரும் படை வெறுங்கையோடு திரும்பியது. ஓகஸ்ட் இறுதியில் புல் றன் என்னுமிடத்தில் இரண்டாந் தடவையும் தோல்வி. செப்டெம்பர் 17ஆந் திகதி அன்ரீற்றம் ஆற்றங்கரையில், ஒரே நாளில், இரு பக்கத்திலும் சேர்த்துச் சுமார் 23,000 பேர் மாண்டும் காயமுற்றும் காணாமற்போயும் ஒழிந்தனர். பகைவர் பின்வாங்கியது உண்மையே. வடபடைத் தலைவர் மக்கிளெலன் அவர்களைத் துரத்தவில்லை.

இதனோடு வேறு பாரங்களும் சேர்ந்தன. ஜூலையிலும் ஓகஸ்டிலுமாக 6 லட்சம் பேர் படைக்குக் கேட்கப்பட்டனர். தம் பங்கு ஆட்களைக் கொடுக்கத் தவறும் மாநிலங்களிற் கட்டாய ஆட்சேர்ப்பு நடைபெறும் என அறிவிக்கப்பட்டது. செப்டெம்பர் 24ஆந் திகதி, ஆட்சேர்ப்புக்கு இடையூறு செய்வோரை விசாரணைக்கு நீதிமன்றம் அழைக்கும் உரிமையையே லிங்கன் நாடு முழுவதற்கும் நிறுத்திவைத்தார். விடுதலைப் பிரகடனம் வெளியாகி இரண்டு நாளில் இது நிகழ்ந்தது. ஒருவனுக்கு விலங்கை அறுத்த கையே மற்றொருவனுக்கு விலங்கு பூட்டுகின்றது என எதிர்க்கட்சியார் மேடைதோறும் முழங்கினர். போரை விரும்பியவனும் சலித்திருந்தான், போரை வெறுத்தவனும் சலித்திருந்தான். சலிப்பு ஒன்றே, சலிப்பின் காரணங்கள் வேறு வேறு.

ஆறும் சோளமும்

கமக்காரர் பலர் இங்கே கூடியிருப்பதால் இல்லினோய்ஸ் மாநிலத்தைச் சற்று விரிவாகச் சொல்லுகின்றேன்.

அம்மாநிலத்தின் தென்பகுதியை எகிப்து என்றே அக்காலத்தில் அழைத்தனர். அதன் தென்கோடி ஊரின் பெயரும் கெய்றோ. கென்ரக்கி, வேர்ஜீனியா, ரெனசி ஆகிய அடிமை மாநிலங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்களே அங்கு மிகுதி. அவர்கள் விளைவித்த சோளமும் வளர்த்த பன்றியின் இறைச்சியும் மிசிசிப்பி ஆற்று வழியாக நியூ ஓர்லியன்ஸ் துறைமுகத்துக்குச் செல்வது தலைமுறைகளாக நடந்துவந்த வழக்கம். போர் அந்த ஆற்றை அடைத்தது. 1862 ஏப்ரலில் நியூ ஓர்லியன்ஸ் வடக்கத்தியர் வசமான பின்னரும், இடையிலிருந்த விக்ஸ்பேர்க் கோட்டை 1863 ஜூலை 4ஆந் திகதி வரை தென்னவர் கையில் இருந்தது. ஆகவே விளைபொருளைக் கிழக்கே புகைவண்டியில் அனுப்பவேண்டியதாயிற்று. போட்டியில்லாத புகைவண்டிக் கம்பனியார் ஏற்றுக்கூலியை உயர்த்தினர். விற்ற விலையிற் பெரும் பங்கைக் கூலி விழுங்கியது. போதாக்குறைக்கு 1861ஆம் ஆண்டின் புதிய சுங்கவரியால் வாங்கும் பொருளின் விலையும் ஏறியது. “இந்தப் போர் கிழக்கத்திய முதலாளிக்கு இலாபம், நமக்கு நட்டம்” என்று அந்தக் கமக்காரன் எண்ணினான் என்றால், அவனைத் தேசத்துரோகி என்பதற்கு முன் அவன் கணக்குக் கொப்பியை ஒருமுறை புரட்டிப் பார்க்கவேண்டாமா?

அதே மாநிலத்தின் வடபகுதிக் கமக்காரனின் நிலை வேறு. அவனுக்குச் சிக்காக்கோவும் பேரேரிகளும் அருகில் இருந்தன. ஐரோப்பாவில் விளைச்சல் குன்றிய ஆண்டுகளாதலால் அவனுடைய கோதுமைக்குப் பிரித்தானியாவில் நல்ல கேள்வி. அவனுடைய முன்னோர் அடிமை முறையை வெறுத்த நியூ இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். ஒரே மாநிலம், ஒரே போர், ஒரே பிரகடனம். ஆனால் வடபகுதி லிங்கனோடு நின்றது, தென்பகுதி எதிர்த்து நின்றது.

இந்த நெருப்பில் எண்ணெய் வார்த்தது அரசாங்கத்தின் சொந்தச் செயல். தெற்கிலிருந்து தப்பிவந்த கறுப்பின மக்கள் பலர் கெய்றோவில் வந்து குவிந்தனர். அறுவடைக்கு ஆட்பஞ்சம் இருந்தமையால் அவர்களை இல்லினோய்ஸ் கமங்களுக்கு வேலைக்கு அனுப்பலாம் எனப் போர்மந்திரி ஸ்ரான்ரன் செப்டெம்பரில் உத்தரவிட்டார். அவ்வாண்டு ஜூனிலேதான் அம்மாநில வாக்காளர், கறுப்பினத்தவர் தம் மாநிலத்துட் குடியேறக்கூடாதென்ற விதியைப் பெரும்பான்மையால் ஆதரித்திருந்தனர். தேர்தலுக்கு ஆறேழு வாரம் இருக்கையில் இப்படியோர் உத்தரவு! ஒக்டோபரில் ஸ்ரான்ரன் அதனை நிறுத்திவைத்தார். அதற்குள் எதிர்க்கட்சிக்கு வேண்டிய பிரசாரம் கிடைத்துவிட்டது. அந்த அகதிகளுக்கு வாக்கில்லை. அவர்கள் நிலையைக் கூறி வாக்குக் கேட்டவர் சிலர். அவர்களைக் காட்டி அச்சமூட்டி வாக்கு வாங்கியவர் பலர். மனித உரிமை பேசும் எவரும் இந்தப் பக்கத்தை மறைக்காமற் சொல்லவேண்டும்.

எல்லைக்கோடு செய்த வேலை

இனி ஒஹையோவுக்கு வருவோம். போரை மிகக் கடுமையாக எதிர்த்த அரசியல்வாதி கிளெமென்ற் வலன்டிகம் அம்மாநிலத்தின் டேற்றன் நகரத்தவர். ஒஹையோவில் எதிர்க்கட்சி 19இல் 14 ஆசனங்களை அள்ளிக்கொண்டது என்றேன். அப்படியானால் எதிர்ப்பின் முழு உருவமாகிய வலன்டிகம் அமோக வெற்றி பெற்றிருக்கவேண்டுமல்லவா? அவர் தோற்றார்! 1860ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஒஹையோவின் ஆசனங்கள் 21இலிருந்து 19 ஆகக் குறைந்தன. எல்லைகளைப் புதிதாக வரையும் அதிகாரம் மாநிலச் சட்டசபையிடம் இருந்தது. அச்சபை குடியரசுக் கட்சியின் கையில் இருந்தது. அவர்கள் குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மையுள்ள வாறன் என்னும் கவுண்டியைப் பிடித்து அவருடைய தொகுதியோடு ஒட்டினர். எதிர் அபேட்சகராக, புல் றன் களத்தில் கையிற் காயம்பட்ட ஜெனரல் றொபேட் ஷெங்கை நிறுத்தினர். மாநிலமெங்கும் எதிர்க்கட்சி அலை அடிக்க, அந்த அலையின் தலைவர் தம் சொந்தத் தொகுதியில் மூழ்கிப் போனார்.

பென்சில்வேனியாவில் இதே எல்லைக்கோடு மறுபக்கம் வெட்டியது. அங்கே தோற்றவர் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் கலூஷா குறோ. நிலமற்ற குடியானவனுக்கு 160 ஏக்கர் நிலத்தை இலவசமாக வழங்கிய 1862ஆம் ஆண்டின் வீட்டுநிலச் சட்டத்துக்காக ஆண்டுக்கணக்காகப் போராடியவர் அவர். அவருடைய சஸ்குவெஹானாக் கவுண்டி கமக்காரரின் நாடு. புதிய எல்லையில் அது நிலக்கரிச் சுரங்கம் நிறைந்த லுசேர்ன் கவுண்டியோடு சேர்க்கப்பட்டது. சுரங்கத்தில் உழைத்த ஏழை ஐரிஷ்காரனுக்கு மேற்கே கிடைக்கும் 160 ஏக்கரால் உடனடிப் பயன் யாது? கட்டாய ஆட்சேர்ப்போ அவன் வாசலிலேயே நின்றது. சட்டம் இயற்றியவர் வீட்டுக்குப் போனார்.

ஊரில் இல்லாதவர் வாக்கு

தோல்விக்கு லிங்கன் கூறிய முதற் காரணம் இன்னொன்று. தம் கட்சியினர் போர்க்களத்துக்குச் சென்றுவிட்டதால் ஊரில் எதிர்க்கட்சியினர் பெரும்பான்மையாகிவிட்டனர் என்று, ஜேர்மனியிலிருந்து குடியேறி ஜெனரலாக உயர்ந்த கார்ல் ஷேர்ஸ் என்பவருக்கு நொவெம்பரில் அவர் எழுதினார். ஷேர்ஸ் அதனை ஏற்கவில்லை. அரசாங்கத்தின் கொள்கையில் நம்பிக்கையில்லாதவர்களிடம் படையை ஒப்படைத்ததே தோல்விக்குக் காரணம் என்று ஜனாதிபதிக்கே நேராக எழுதினார். 

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. நியூயோர்க்கின் எண்களை எடுத்துக்கொள்வோம். 1860இல் லிங்கன் அங்கு 3 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பெற்றார். 1862இல் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்ட அவர் கட்சி அபேட்சகர் ஜேம்ஸ் வேட்ஸ்வேர்த் 3 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. வென்ற ஹொறேஷியோ சீமோர் பெற்றது 3 லட்சத்துக்குச் சற்று மேல்; 1860இல் லிங்கனின் எதிரிகள் பெற்றதைவிட அது குறைவே. வெற்றி பெற்றவன் வளரவில்லை, தோற்றவன் மெலிந்தான். மெலிந்தோரில் ஒரு பகுதியினர் படையில் இருந்தனர். இன்னொரு பகுதியினர் சலிப்புற்று வாக்குச்சாவடிக்கே போகவில்லை.

படைவீரனுக்குக் களத்தில் வாக்களிக்கும் உரிமை உண்டா என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. அயோவா அவ்வுரிமையை அளித்தது. 6 ஆசனங்களையும் குடியரசுக் கட்சி பெற்றது. விஸ்கொன்சினும் அளித்தது, அங்கே 3க்கு 3. பென்சில்வேனியாவில் அவ்வுரிமை பழைய சட்டத்தில் இருந்தது, ஆனால் லுசேர்ன் கவுண்டியிலிருந்து எழுந்த வழக்கொன்றில் அம்மாநில உச்ச நீதிமன்றம் 1862இலேயே அது செல்லாதெனத் தீர்த்தது. இல்லினோய்ஸ் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைப் படைக்கு அனுப்பியது. களத்தில் நின்ற அவர்களில் ஒருவனுக்கும் வாக்கில்லை. நாட்டுக்காகச் சாகத் தகுதியுள்ளவன் வாக்களிக்கத் தகுதியற்றவனாக இருந்த விந்தை அது.

வாக்கெடுப்பு நாளும் ஒன்றாக இருக்கவில்லை. மெய்ன் செப்டெம்பரில், பென்சில்வேனியா, ஒஹையோ, இந்தியானா ஒக்டோபர் 14இல், நியூயோர்க்கும் இல்லினோய்ஸும் நொவெம்பர் 4இல், நியூ ஹாம்ஷயரும் கனெற்றிக்கற்றும் மறு ஆண்டு வசந்தத்தில், கென்ரக்கி 1863 ஓகஸ்டில் என்று தேர்தல் ஓராண்டு நீண்டது. எல்லா மாநிலங்களுக்கும் ஒரே நாள் குறிக்கும் சட்டம் 1872இலேதான் வந்தது. ஒஹையோவும் இந்தியானாவும் வாக்களித்துப் பத்து நாளில் ஜெனரல் பியூல் பதவி நீக்கப்பட்டார். நியூயோர்க் வாக்களித்த மறுநாள், நொவெம்பர் 5ஆந் திகதி, மக்கிளெலனை நீக்கும் கட்டளை பிறந்தது. படைத்தலைவர்களின் பதவிக்காலமும் தேர்தற் பஞ்சாங்கத்தைப் பார்த்தே முடிந்தது.

கடைசியாக வாக்களித்த எல்லைப்புற மாநிலங்கள் அரசாங்கத்தைக் காப்பாற்றின. எப்படிக் காப்பாற்றின என்பதையும் சொல்லவேண்டும். கென்ரக்கியில் 1863 ஜூலை 31ஆந் திகதி இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. மூன்றாம் நாள் வாக்கெடுப்பு. டெலவெயரில் 1862இலேயே வாக்குச்சாவடிகளுக்குப் படையினர் அனுப்பப்பட்டனர். எனினும் அங்கே எதிர்க்கட்சியார் மிகச் சில வாக்குகளால் வென்றனர். துப்பாக்கியின் நிழலிற் பெற்ற பெரும்பான்மையை நான் பெரும்பான்மை என்று முழு மனத்தோடு கூறமாட்டேன். அதற்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியோர் அடிமை முறையைக் காக்க நின்றவர்கள் என்பதையும் மறக்கமாட்டேன்.

தென்னவர் பக்கத்திலும் 1863இல் தேர்தல் நடந்தது. வடபடை கைப்பற்றிக்கொண்ட தொகுதிகளுக்கும் அவர்களுடைய காங்கிரசில் ஆசனம் இருந்தது. அகதிகளும் படைவீரரும் அளித்த வாக்குகளால் அவை நிரப்பப்பட்டன. வரியையும் ஆட்சேர்ப்பையும் மேலும் மேலும் கடுமையாக்கும் சட்டங்களுக்கு அந்த உறுப்பினர்களே மிகத் தாராளமாகக் கை தூக்கினர். தம் தொகுதி பகைவர் வசம் இருந்ததால் அந்த வரியைத் தம் வாக்காளர் கட்டப்போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். வரி கட்டவேண்டிய வட கரோலைனா, அமைதியை நாடியோரைத் தெரிந்து அனுப்பியது.

தோற்றவர் இயற்றிய சட்டம்

இவ்வளவுக்கும் பிறகு, மக்களின் வாக்கினால் விளைந்தது என்ன? சட்டம் பயின்றோர் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. 1862 ஒக்டோபரில் தெரிவானவர்கள் சபையில் அமர்ந்த காலம் 1863 டிசெம்பர்! அதுவரை, மக்கள் நிராகரித்த உறுப்பினர்கள் அடங்கிய பழைய சபையே 1863 மார்ச் 4 வரை ஆண்டது. லிங்கன் ஜனவரி முதலாந் திகதி விடுதலைப் பிரகடனத்தில் ஒப்பமிட்டார். தேர்தலுக்கு அஞ்சி ஓரெழுத்தும் பின்வாங்கவில்லை. அது அவருடைய பெருமை. ஆனால் அந்தப் பழைய சபை மார்ச் 3ஆந் திகதி, தன் ஆயுள் முடிய ஒரு நாள் இருக்கையில், நாடு முழுவதற்குமான கட்டாய ஆட்சேர்ப்புச் சட்டத்தையும் நீதிமன்றப் பாதுகாப்பை நிறுத்திவைக்க ஜனாதிபதிக்கு அதிகாரமளிக்கும் சட்டத்தையும் நிறைவேற்றியது. தம் ஆசனத்தை இழந்தவர்கள் பிறர் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பினர்.

மாநிலச் சட்டசபைகளிலே நிலைமை இன்னும் மோசம். இந்தியானாச் சட்டசபை எதிர்க்கட்சியின் கைக்குப் போனதும், ஆளுநர் ஒலிவர் மோர்ட்டனின் கட்சியினர் கூட்டத்தை விட்டு வெளியேறிச் சபை நடவாமற் செய்தனர். வரவு செலவுச் சட்டம் நிறைவேறவில்லை. மோர்ட்டன் வங்கிகளிடமும் கவுண்டிகளிடமும் கடன் வாங்கினார். ஸ்ரான்ரன் 2,50,000 டொலர் கொடுத்துதவினார். 1865 வரை ஒரு மாநிலம் சட்டசபையின்றியே ஆளப்பட்டது. போரின் நோக்கம் எத்துணை உயர்ந்ததாயினும், மக்கள் தெரிந்த சபையைப் பூட்டிவிட்டுக் கடனில் ஆட்சி நடத்துவதை நல்ல முன்மாதிரி என்று எவர் சொல்வார்? எதிர்க்கட்சியினர் ஆளுநரின் படை அதிகாரத்தைப் பறிக்க முயன்றதே அதற்குக் காரணம் என்பர் மோர்ட்டனின் ஆதரவாளர். முயன்றது மெய்யே.

அதற்குள் போர்க்களத்தில் நிலைமை மாறியது. 1863 ஜூலையில் கெற்றிஸ்பேர்க்கிலும் விக்ஸ்பேர்க்கிலும் வெற்றி கிடைத்தது. ஆறு திறந்தது. நாடு கடத்தப்பட்ட வலன்டிகம் கனடாவில் இருந்தபடி ஒஹையோ ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுச் சுமார் 1 லட்சம் வாக்குகளால் தோற்றார். 1864 கோடையில் மனச்சோர்வு மறுபடியும் வந்தது. தாம் தோற்பது பெரும்பாலும் உறுதி என ஓகஸ்ட் 23ஆந் திகதி லிங்கனே ஒரு தாளில் எழுதி மடித்து வைத்தார். செப்டெம்பர் 2ஆந் திகதி அற்லாண்டா வீழ்ந்தது. அந்த இலையுதிர்காலத்தில் ஒஹையோவின் 19 ஆசனங்களில் 17, இல்லினோய்ஸின் 14இல் 11 லிங்கனின் கட்சிக்குக் கிடைத்தன. எல்லைக்கோடுகள் அதேதான், கமக்காரரும் அவர்களேதான், மாறியது காற்று.

ஸ்பிறிங்ஃபீல்ட் தொகுதியில் ஜோன் ஸ்ருவாட் மீண்டும் நின்றார். இம்முறை ஷெல்பி கலம் என்னும் இளைஞரிடம் அவர் தோற்றார். ஆனால் அந்நகர் அமைந்த சங்கமன் கவுண்டியின் வாக்குகளை மட்டும் தனியே எண்ணியபோது, 1860இற்போலவே 1864இலும் அக்கவுண்டி லிங்கனுக்குப் பெரும்பான்மை அளிக்கவில்லை. அவர் பதவி நீக்கிய மக்கிளெலனுக்கே அது கூடுதலான வாக்கை அளித்திருந்தது.